சும்மா என்ற ஃபோல்டர்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு அளவுகோல் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் கேலி செய்தவர்களுக்கே அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை. "அளவுகோல் வந்தாச்சா?" என்று காலை ஒன்பதரைக்கு யாராவது கேட்பார்கள். அவள் பையைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற கொக்கியில் மாட்டிக்கொண்டே, "வந்தாச்சுப்பா, வந்தாச்சு" என்பாள்.

வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷம் பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் அடித்தவள். ஒருநாள் அந்த ஜன்னலை அடைத்துவிட்டு அங்கே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜனங்கள் அதன் வயிற்றைத் தட்டி டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் ஐந்து வருஷம் வீடுதான். வீட்டில் இருக்கிற பெண்ணை உலகம் என்ன சொல்லும்? சும்மா இருக்கிறாள் என்று சொல்லும். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை கால் தரையில் பாவாமல் ஓடினாலும் அவள் சும்மாதான் இருக்கிறாள். மாடி வீட்டில் அவள் நாத்தனார் குடியிருந்தாள். கூரியர்காரர் வந்தாலும் மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், "அண்ணி சும்மாதானே இருக்காங்க, பாத்துப்பாங்க" என்று மாடியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வீடியோ கேம் ஆட ஆள் தேவை, அனுபவம் அவசியமில்லை. நேர்முகத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் கட்டைவிரலில் மின்னல் வைத்திருக்கிற வாலிபப் பிள்ளைகள். கூடத்தின் தலைமை ஒரு பெண்மணி, எல்லாருக்கும் மேடம். அவர் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிஷம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க ரொம்ப நல்லா ஆடறீங்க, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இவள் ஆடினாள். திரையில் இருந்த காரைச் சுவரில் மோதி, பின்னால் எடுத்து, மறுபடி அதே சுவரில் மோதினாள். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இவங்கதான். சாதாரண ஆள்தான் வேணும்" என்றார். சாதாரணமாக இருப்பதற்காக ஒருத்தருக்கு வேலை கிடைத்ததை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அங்கே நடக்கிற காரியம் இதுதான். கம்ப்யூட்டர் புரோகிராம்களை வீடியோ கேமில் ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். தோற்றால் தப்பு, ஜெயித்தால் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு லட்சக்கணக்கான ஆட்டம் ஆடவிட்டால் அதுவாகவே தேறிவிடும். இப்படித் தேறியவை பல ஊர்களிலிருந்து வந்து சேரும். எது கெட்டி, எது சொத்தை என்று நான்கு கேம்களில் மோதவிட்டுப் பார்த்துப் பட்டியல் போடுவது இந்தக் கூடத்தின் வேலை. பட்டியலில் ஒரே ஒரு வரிசை மனிதருக்கு. சாதாரண மனிதர் இதே ஆட்டத்தில் எவ்வளவு எடுப்பார் என்று தெரிந்தால்தானே மற்றவற்றின் லட்சணம் தெரியும். அந்த வரிசைதான் அவள்.

அந்த வரிசைக்கு ஒரு விதி இருந்தது. ஒரு புரோகிராம் மனிதரோடு நூறு ஆட்டம் ஆடி நூறையும் ஜெயித்துவிட்டால், அந்தக் கேமில் மனித வரிசையை மூடிவிடலாம். அளக்க வேண்டியது அளவுகோலைவிட நீளமாகிவிட்டால் அளவுகோல் எதற்கு? கார்ப் பந்தயம் அவள் சேர்ந்த இரண்டாம் நாளே மூடியது. பந்து விளையாட்டு ஒரு மாதம் தாங்கியது. ஒளிந்து பிடிக்கிற ஆட்டத்தில் அவள் தானே எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தாள், அதுவும் மூடியது. மிச்சம் இருந்தது தள்ளுமுள்ளு ஒன்றுதான். வட்டமான மேடை, மேலே இரண்டு குண்டுக் கரடிகள், எது முதலில் கீழே விழுகிறதோ அது தோற்றது. அந்த வரிசையும் மூடினால் அவள் பையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். இதை மேடம் முதல் நாளே சொல்லித்தான் சேர்த்தார். மனதில் ஒன்று வைத்து வாயில் ஒன்று பேசுகிற ஆள் இல்லை அவர்.

அவளுக்குப் போக மனமில்லை. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், அந்த வேலை அவளுக்கு உயிராகப் பிடித்துவிட்டது. அவள் செய்ததை ஒருவர் பார்த்து எண்ணி எழுதிவைக்கிறார், தோற்றால்கூட தோற்றாள் என்று எழுதுகிறார். வீட்டில் இத்தனை வருஷத்தில் யார் எண்ணினார்கள்?

அவளுக்குச் சத்ருவாக வந்து சேர்ந்தது மாப்பிள்ளை. அது கூடத்திலேயே வளர்ந்த புரோகிராம். அதைச் செய்த பொறியாளருக்குக் கண்ணாடி என்று பெயர், காரணம் மூக்கின் மேலேயே இருந்தது. முப்பது வயது, ஒரு கைக்குழந்தைக்குத் தகப்பன், சாதுவான ஆள். மாப்பிள்ளை ஓடுகிற இயந்திரங்களுக்குத் தனி அறை, தனி ஏசி. மனிதர்கள் இருந்த அறையில் மின்விசிறி கடகடவென்று தலைக்கு மேல் பயமுறுத்திக்கொண்டிருக்கும். அந்த இயந்திரங்களுக்குச் சூடு ஏறினால் நாலு பேர் ஓடுவார்கள், கதவைச் சத்தமாகச் சாத்தினால் திட்டு விழும். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட இப்படித் தாங்கமாட்டாங்க தம்பி" என்று அவள்தான் ஒருநாள் சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை தன்னோடு தானே ஆடும். ஆடிய ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டர் ரகம் பிரித்து ஃபோல்டர் ஃபோல்டராகச் சேர்த்துவைக்கும். வார இறுதியில் அவற்றை வைத்து மாப்பிள்ளை பாடம் படிக்கும். ஆட்டம் இல்லாத நேரத்தில் அவளுக்குச் சில்லறை வேலைகள் கொடுப்பார்கள். கம்ப்யூட்டரில் ஆட்டங்களைச் சேர்த்துவைக்கிற வட்டு நிரம்பிவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடி, "அக்கா, வேண்டாததெல்லாம் கொஞ்சம் அழிச்சிடுங்க" என்றான். அன்றிலிருந்து வெள்ளிதோறும் அவள் வீடு பெருக்குகிற மாதிரி அந்த வட்டையும் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவாள்.

தள்ளுமுள்ளு நூறு ஆட்டச் சோதனை ஒரு திங்கட்கிழமை நடந்தது. அடுத்த மாதம் பட்டியலை வெளியிடவேண்டும், அதற்குள் மாப்பிள்ளை மனித வரிசையை மூடிவிட்டதாகச் சொல்லவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அவளைத் தவிர. காலை பத்துக்கு உட்கார்ந்தாள். பதினொன்றரைக்குள் நாற்பத்தொன்று தோற்றாள். அவள் தள்ளுவாள், மாப்பிள்ளை விலகும், அவள் தன் வேகத்திலேயே போய் விழுவாள். குதித்தாலும் அதே கதிதான். கண்ணாடி பின்னால் நின்று பாவமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

நாற்பத்திரண்டாவது ஆட்டம் தொடங்கிய உடனே போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, பாத்ரூம் குழாய் புட்டுக்கிச்சு, தண்ணி பீச்சி அடிக்குது. மெயின் வால்வு எங்க இருக்கு?"

"மாடிப்படிக்கு அடியில. செவப்புச் சக்கரம். வலது பக்கமா திருப்பு."

"எனக்கு வலதா, குழாய்க்கு வலதா?"

"குழாய்க்கு ஏதும்மா வலது எடது? உனக்குத்தான்."

அளவுகோலின் புருஷன் குழாய்க் கடையில்தான் விற்பனையாளர். ஊரெல்லாம் குழாய் விற்பார், வீட்டுக் குழாய் இந்த அழகில் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது கேம் ஆடுகிற கைப்பிடி மடியில் கிடந்தது. திரையில் அவள் கரடி தேமே என்று நின்றது.

மாப்பிள்ளை பாய்ந்து வந்தது. மூக்குக்கு மூக்கு வந்ததும் நின்றது. யாரும் தள்ளாத ஒரு தள்ளலுக்கு இடப்பக்கம் விலகியது. திரும்பி வந்தது. மறுபடி விலகியது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, கடன்காரனைப் பார்த்தவன் சந்துக்குள் நழுவுகிற மாதிரி, பின்னாலேயே போய்ப் போய் மேடையிலிருந்து விழுந்துவிட்டது.

"அக்கா, என்ன பண்ணீங்க?" என்றான் கண்ணாடி.

"ஒண்ணும் பண்ணலையே. சும்மாதான் இருந்தேன்."

ஆழம் பார்க்க அவள் அடுத்த ஆட்டத்திலும் கைப்பிடியைத் தொடவில்லை. மாப்பிள்ளை அதேபோல் விலகி, சுற்றி, விழுந்தது. அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மீதி ஐம்பத்தேழில் ஐம்பத்தைந்தை அவள் கையைக் கட்டிக்கொண்டே ஜெயித்தாள். இரண்டு தோற்றதற்குக் காரணம் சிரிப்பு. சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கைப்பிடி அழுந்தி, கரடி தள்ளிவிட்டது.

விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நடப்பது போக, ஆட்டக்காரர் செய்யக்கூடியவை நான்கு: தள்ளு, குதி, விலகு, சும்மா. நாலாவதும் சட்டப்படி சரிதான். புத்தகத்தை எழுதியதே கண்ணாடிதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரி, ஆனால் நின்ற யானையைப் பார்த்தே இன்னொரு யானை சறுக்கினால் அதற்கு என்ன பழமொழி சொல்வது?

இரண்டு நாள் அவள் பாடு ராஜபோகம். நாற்காலிக்கு மெத்தை வந்தது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் வந்து, "எங்க, ஒருதடவை சும்மா இருந்து காட்டுங்க" என்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடியின் பாடுதான் நாய்பட்ட பாடு. சவரம் செய்யாமல் அதே சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தான். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் பேன் பார்க்கிற மாதிரி பார்த்தான். தப்பு அகப்படவில்லை.

புதன்கிழமை மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். கண்ணாடி வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினான். "எதிராளி தள்ளுற வேகத்தை வச்சுத்தான் இது கணக்குப் போடும் மேடம். சும்மா நிக்கிற எதிராளியை இது பாத்ததே இல்லாத மாதிரி நடந்துக்குது. ஆனா பாத்திருக்கணும். தத்தக்கா புத்தக்கான்னு ஆரம்பத்துல ஆடறப்ப எல்லா புரோகிராமும் பாதி நேரம் சும்மாதான் நிக்கும். அந்த ஆட்டமெல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல சேரும்." பலகையில் நான்கு பெட்டிகள் வரைந்து உள்ளே எழுதினான். தள்ளு. குதி. விலகு. சும்மா.

அவள் கண் கடைசிப் பெட்டியைவிட்டு நகரவில்லை.

ஏனென்றால் வெள்ளிதோறும் அவள் அழித்தது அந்த நாலாவது பெட்டியைத்தான். தள்ளு, குதி, விலகு மூன்றும் வேலைக்கான சரக்கு, அது பார்த்தாலே தெரிகிறது. சும்மா என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் என்ன அர்த்தம்? சும்மா போட்டுவைத்தது என்று அர்த்தம். யாரோ சும்மா ஆடிப் பார்த்தது, வேண்டாதது, குப்பை. எந்த வேற்று பாஷைக்காரரும் செய்திருக்க முடியாத தப்பு, தமிழை ஒழுங்காகத் தெரிந்திருந்த ஒரே குற்றத்துக்காக அவள் செய்த தப்பு. அடுத்த வாரமே அது மறுபடி நிரம்பியிருக்கும். "ஆம்பளப் பசங்க, எடுத்தத எடுத்த இடத்துல வைக்கமாட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பெருக்கித் தள்ளிவிடுவாள்.

"ஃபோல்டர் காலியா இருக்கு மேடம். ஏன்னு தெரியல" என்றான் கண்ணாடி.

மேடம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலங்கிறது ஒரு பதிலா? ரெண்டு நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லன்னா மாப்பிள்ளையை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு நீங்க வேற பிரிவுக்குப் போயிடலாம்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். புருஷன் ஈரக் குழாயை மாட்டிக்கொண்டே கேட்டார். "உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காதப்ப எதுக்குச் சொல்றே? நுணலும் தன் வாயால் கெடும்."

மாடியிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் அதையேதான் சொன்னாள். "நீங்க வாயத் தொறந்தா அவன் சரிபண்ணிடுவான். சரிபண்ணிட்டா அந்தக் கரடி உங்களைத் தள்ளிவிட்டுடும். அப்புறம் பழையபடி வீடுதான். அண்ணி, இந்த ஒருதடவ சும்மா இருங்க, போதும்."

பேச்சில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தால் நாற்காலி நிரந்தரம். அவள் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவினாள், கழுவியதையே இன்னொரு தடவை கழுவினாள். அந்தப் பையனின் கைக்குழந்தையை ஒருமுறை கூடத்துக்குத் தூக்கிவந்திருந்தார்கள். அது இவள் மூக்கைப் பிடித்து இழுத்திருந்தது. இந்த மாதிரி சமயத்தில் இப்படிப்பட்டது எதற்கு ஞாபகத்துக்கு வருகிறதோ, வந்து தொலைத்தது.

மறுநாள் காலை மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள். கண்ணாடியும் உள்ளேதான் இருந்தான்.

"மேடம், அந்த சும்மா ஃபோல்டரை நான்தான் அழிச்சேன். வேண்டாததுன்னு நெனச்சு."

மேடம் நிமிர்ந்தார். "எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும். பதினொண்ணு."

கண்ணாடி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "மூணு நாளா தூங்கலக்கா" என்றான். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான், பாதியில் அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அவள் பதறிப்போனாள். பார்த்தால் சிரிப்பு. "சும்மான்னு பேரு வச்சவன் நான்தானே" என்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்துவந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்களுக்கு விதி தெரியும்ல? இதைச் சரிபண்ணினதும் மறுபடி நூறு ஆட்டம் வைக்கணும்."

"தெரியும் மேடம். தெரிஞ்சுதான் வந்தேன்."

பத்து நாள் மாப்பிள்ளை புதுசாகப் படித்தது. நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளில் யாரும் எதையும் பெருக்கவில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சோதனை. முதல் ஆட்டத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை நேரே வந்து, மேசையில் இருக்கிற துணி மூட்டையைத் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டது. நான்கு விநாடி. தள்ளிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள், பாதி சும்மாவும் பாதி தள்ளலுமாகக் கலந்து பார்த்தாள். ஒன்றும் செல்லவில்லை. ஐம்பது போனது. எண்பது போனது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போனார்கள். தொண்ணூற்றொன்பதாவது முடிந்தபோது கட்டைவிரல் வீங்கியிருந்தது.

ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அவள் திரையைப் பார்த்தாள். எதிரே அந்தக் குண்டுக் கரடி அவள் வருகைக்காகக் கால் மாற்றி மாற்றி நின்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்கிட்ட நூறாவது தடவையும் உதைபடணுமா, போடா என்று நினைத்தாள். விழுவது விழுவதுதான், நானே இறங்கிக்கொள்கிறேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. கரடியைத் திருப்பி, மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேடையின் ஓரத்தை நோக்கி மெல்ல நடத்தினாள்.

மாப்பிள்ளை ஒரு கணம் விழித்தது. அது பார்த்த லட்சோப லட்சம் ஆட்டத்தில் தள்ளுகிறவன், குதிக்கிறவன், விலகுகிறவன், இப்போது சும்மா நிற்கிறவன் வரைக்கும் எல்லாரும் உண்டு. தோற்கவென்றே கிளம்பிப் போகிறவள் ஒருத்திகூடக் கிடையாது. எதிராளி தப்பி ஓடுகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, இருக்கிற வேகத்தையெல்லாம் கூட்டி அவள் முதுகைக் குறிவைத்துப் பாய்ந்தது. மேடையின் விளிம்பு கொஞ்சம் சரிவாக இருக்கும். அது வந்து சேருகிற நேரம் பார்த்து அவள் கரடி அந்தச் சரிவில் சறுக்கி உட்கார்ந்துவிட்டது. தாங்க முதுகு இல்லை. மாப்பிள்ளை அவள் தலைக்கு மேலாகப் போய்க் கீழே விழுந்தது. ஒரு விநாடி கழித்து அவள் கரடியும் சாவகாசமாக விழுந்தது.

திரையில் கணக்கு வந்தது. தொண்ணூற்றொன்பது, ஒன்று.

மேடம் விதிப் புத்தகத்தை எடுக்கக்கூட இல்லை. "நூறுக்கு நூறு இல்ல. வரிசை இருக்கும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மேடம், நான் ஜெயிக்கப் பாக்கல. உண்மையாவே தோக்கத்தான் போனேன்."

"யார் முதல்ல விழுந்தாங்கன்னுதான் விதியில இருக்கு. எதுக்கு நடந்தீங்கன்னு இல்ல."

கண்ணாடி அந்த ஆட்டத்தை மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தான். பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, தோக்கிறதுக்கு இந்த மாதிரி இன்னும் எத்தனை வழி இருக்கு?"

அவள் வீங்கிய கட்டைவிரலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"நெறைய இருக்கு தம்பி" என்றாள். "எழுதிக்கோ."